பட்ஜெட் கேமிங் கொம்பியூட்டர்: ஒன்றோடொன்று பொருந்தும் பாகங்களைத் தெரிந்து வாங்குவது எப்படி?

கேமிங் கொம்பியூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவதில் திருகாணி முறுக்குவது ஒரு பின்னேர வேலைதான். உண்மையான வேலை, காசு கொடுப்பதற்கு முன் ஒரு கொப்பியில் எழுதிப் பார்ப்பது. கொழும்பில் இருப்பவர் பிழையான ராமை வாங்கினால் அடுத்த நாள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் அதே பிழைக்கு ஒன்றில் கூரியர் காசும் ஒரு கிழமைக் காத்திருப்பும், இல்லாவிட்டால் ஏ9 வழியே இரவு பஸ்ஸில் போய்வரும் அலைச்சலும். ஆகவே இந்த வழிகாட்டி எது வேகமானது என்பதைவிட எது எதோடு பொருந்தும், எது பொருந்துவதுபோலக் காட்டிக் கவிழ்க்கும் என்பதிலேயே கூடக் கவனம் வைக்கிறது. விலைகளை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். டொலர் அசையும்போது அவையும் அசையும்.

தெரிவு செய்யும் ஒழுங்கு முக்கியம்: மொனிட்டர், விஜிஏ (கிராபிக்ஸ் கார்ட்), ப்ரொசெசர் (கணிக்கும் மூளைச் சில்லு), மதர்போட் (எல்லாப் பாகமும் பூட்டுப்படும் பலகை; சுருக்கமாகப் "போட்"), ராம் (ஓடும் வேலைக்கான தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (விண்டோஸும் விளையாட்டுகளும் தங்கும் சேமிப்பு), பவர் சப்ளை, கேசிங். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். பலர் கண்ணாடிக் கேசிங்கில் இருந்து தொடங்கி, கடைசியில் மிஞ்சும் காசுக்கு விஜிஏ தேடுகிறார்கள். அது தலைகீழ்.

படி 1: மொனிட்டரும் விளையாட்டும்

என்ன விளையாடப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். வலோரன்ட், சிஎஸ்2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2) போன்றவை ப்ரொசெசரை வேலை வாங்கும்; நடுத்தர விஜிஏ போதும், 144 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 144 தடவை படம் மாறும்) மொனிட்டர் பிரயோசனப்படும். ஜிடிஏ, சைபர்பங்க் போன்ற பெரிய கதை விளையாட்டுகள் விஜிஏயைத்தான் பிழியும். அதற்கு 1080பி (1920×1080 புள்ளி) மொனிட்டரும் 8 ஜிபி நினைவகமுள்ள கார்டும் வேண்டும். பட்ஜெட் என்ற சொல்லுக்குள் நிற்க விரும்பினால் 1080பியைத் தாண்ட வேண்டாம். அதைவிடக் கூடப் புள்ளியுள்ள 1440பி மொனிட்டர் மலிவாகக் கிடைத்தாலும், அதற்கேற்ற கார்ட் மலிவாகக் கிடைக்காது.

வீட்டில் பழைய மொனிட்டர் இருந்தால் பின்பக்க வாயை (கேபிள் செருகும் இடம்) பாருங்கள். எங்கள் ஊரில் கிராபிக்ஸ் கார்டையே "விஜிஏ" என்று கூப்பிடுகிறோம். ஆனால் இப்போதைய "விஜிஏ"க்களில் நீல நிற 15 முள் விஜிஏ வாய் கிடையாது. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் மட்டுமே. பழைய மொனிட்டருக்கு எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏக்கு மாற்றும், உள்ளே சில்லு உள்ள கன்வேர்ட்டர் வேண்டும். இரண்டு முனையிலும் வெறும் முள்ளுள்ள கேபிள் வேலை செய்யாது.

படி 2: விஜிஏ

மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்கு, முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட இதற்கு ஒதுக்குங்கள். இங்கே கவனிக்க வேண்டியவை நான்கு: எத்தனை வாட், எந்தப் பவர் வாய், எத்தனை லேன் (போட்டோடு தரவு பரிமாறும் பாதை), எத்தனை மில்லிமீற்றர் நீளம்.

ஆர்எக்ஸ் 6600 இன்னும் நல்ல கணக்கு. 8 ஜிபி, 132 வாட், ஒரு 8 முள் பவர் வாய். ஆர்டிஎக்ஸ் 3050 இலும் 8 ஜிபி, 130 வாட். ஆனால் வேகத்தில் 6600 முந்தும். 3050 வாங்கும்போது பெட்டியை வடிவாகப் பாருங்கள். அதே பெயரில் 6 ஜிபி வகை ஒன்றும் இருக்கிறது. அது 70 வாட், கோர்களும் (கணிக்கும் அலகுகள்) குறைவு. பவர் கேபிள் இல்லாமல் ஓடும் என்பது அதன் வசதி. 8 ஜிபி வகையின் விலைக்கு அதை வாங்குவது நட்டம். கொஞ்சம் கூடக் காசு இருந்தால் ஆர்டிஎக்ஸ் 4060: 115 வாட், 8 ஜிபி. சூடும் குறைவு, கரண்டும் குறைவு.

லேன் விஷயம் பலருக்குத் தெரியாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 இரண்டும் மதர்போட்டோடு 4 லேனில் மட்டும் பேசும். பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்ட் செருகும் சிலொட்டின் தொடர்பு முறை) 4.0 உள்ள போட்டில் சமாளிக்கும். 3.0 போட்டில் போட்டால், 4 ஜிபி நினைவகம் நிரம்பிய கணத்தில் படம் விக்கத் தொடங்கும். பி450, ஏ520 என்ற ஏஎம்டி வகைப் போட்டுகள் 3.0 தான். போட் 4.0 ஆக இருந்தாலும் ஏஎம்டியின் ரைசன் 5500, 5600ஜி ப்ரொசெசர்களைப் போட்டால் 3.0 ஆகவே ஓடும். பழைய கொம்பியூட்டரை உயர்த்தத்தான் பெரும்பாலும் இந்தக் கார்டுகளை வாங்குகிறார்கள். மோசமாக ஓடுவதும் அங்கேதான். 6600, 4060 போன்றவை 8 லேன் என்பதால் 3.0 இல் இழப்புச் சிறியது.

பாவித்த கார்ட் என்றால் இன்னும் நிதானம். ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படும் சிலவற்றில் 2048எஸ்பி என்ற பின்னொட்டு இருக்கும். அசல் 580 இல் 2304 கோர். 2048 என்றால் அது 570 இன் சில்லு. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்கு விளையாட்டுகளுக்கான புதிய ட்ரைவர்கள் 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். 1660 சூப்பர் அதற்கு அடுத்த தலைமுறை, அதற்கு அந்தச் சோலி இல்லை. கடையிலோ வீட்டிலோ ஜிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். பயோஸ் (சில்லில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) மாற்றிய போலிக் கார்ட் பலவற்றை அது பெயருக்கு முன்னால் போலி என்று குறித்தே காட்டும். பிறகு கார்டை முழுமூச்சாக வேலை வாங்கும் ஃபர்மார்க் மென்பொருளை 15 நிமிடம் ஓட விடுங்கள். திரையில் புள்ளி, கோடு, நிறச் சதுரம் தெரிந்தால் பெரும்பாலும் நினைவகம் பழுது. விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். ஜிடி 730, ஜிடி 1030 எல்லாம் திரையில் படம் வரச் செய்யும் கார்டுகள். கேமிங் என்று விற்றால் சிரித்துவிட்டு வாருங்கள்.

படி 3: ப்ரொசெசரும் மதர்போட்டும் ஒரே முடிவு

இவை இரண்டையும் தனித்தனியாகத் தெரிவு செய்யவே கூடாது. சொக்கட் (ப்ரொசெசர் உட்காரும் இடம்) பொருந்தினால் போதும் என்பது பாதி உண்மை. சொக்கட், சிப்செட் (போட்டை நடத்தும் சில்லு; பி450, பி250 என்பவை அதன் பெயர்கள்), பயோஸ் பதிப்பு மூன்றும் ஒத்துவர வேண்டும்.

பழைய உதாரணம் ஒன்று இன்றும் ஆட்களைக் கவிழ்க்கிறது. இன்டெல் 6, 7ஆம் தலைமுறையும் 8, 9ஆம் தலைமுறையும் எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயருள்ள சொக்கட்டில் உட்காரும். ஐ5-8400 ஐ பி250 போட்டில் வைத்தால் அழகாகப் பூட்டுப்படும், படம் வராது. அதற்கு 300 வரிசைச் சிப்செட் வேண்டும். பாவித்த சாமான் பகுதியில் "1151 போட்" என்று மட்டும் எழுதியிருந்தால் சிப்செட் என்ன என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்று பட்ஜெட்டுக்கு மூன்று வழி.

ஏஎம்4 (ஏஎம்டியின் முந்திய சொக்கட்) வழி: ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட், பெட்டியோடு கூலர் வரும். இதோடு பெயரால் நெருங்கிய இரண்டைக் குழப்ப வேண்டாம். 5500, 5600ஜி இரண்டிலும் எல்3 கேஷ் (ப்ரொசெசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி; 5600 இல் 32 எம்பி. விளையாட்டில் அந்த வித்தியாசம் தெரியும். 5600ஜி க்கு ஒரே ஒரு நியாயம் உண்டு: இப்போது விஜிஏக்குக் காசில்லை, ஆறு மாதம் கழித்து வாங்கலாம் என்பவர்களுக்கு. அதன் உள்கிராபிக்ஸில் (ப்ரொசெசருக்குள்ளேயே உள்ள கிராபிக்ஸ்) வலோரன்ட் தாராளமாக ஓடும், ஆனால் ராம் இரண்டு துண்டாக இருக்க வேண்டும்.

போட்டுக்கு பி550 அல்லது பி450. பி450 போட்டுகள் ரைசன் 5000 வருவதற்கு முன் செய்யப்பட்டவை. பயோஸ் பழையதாக இருந்தால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரை கறுப்பாகவே கிடக்கும். ஆட்கள் போட் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடுவது இதற்குத்தான். பெட்டியில் ரைசன் 5000 டெஸ்க்டொப் ரெடி என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரிடமே பயோஸை ஏற்றித் தரச் சொல்லுங்கள். சில போட்டுகளில் பின்பக்கம் பயோஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கும். ப்ரொசெசர், ராம் இல்லாமலே ஃபாட்32 ஆகப் ஃபோர்மட் செய்த பென் ட்ரைவில் இருந்து ஏற்றலாம். கோப்பின் பெயரைப் போட் நிறுவனம் சொன்ன பெயருக்கே மாற்ற வேண்டும், ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ஏறாது. ஏற்றும் நேரத்தில் கரண்ட் போனால் போட் செத்துவிடலாம். யூபிஎஸ் (கரண்ட் போனால் தாங்கும் பற்றரிப் பெட்டி) இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு: புது போட், பழைய ப்ரொசெசர். பாவித்த ரைசன் 3 3200ஜி ஐ பி550 போட்டில் போட ஏஎம்டி ஆதரவு தரவில்லை. புதுப் போட் எல்லாவற்றையும் ஏற்கும் என்று நினைப்பது பிழை.

இன்டெல் வழி: கோர் ஐ5-12400எஃப், காசு இன்னும் குறைவென்றால் ஐ3-12100எஃப். சொக்கட் எல்ஜிஏ1700. பெயர் முடிவில் உள்ள எஃப் என்றால் உள்கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். விஜிஏ வரும்வரை இப்படியே ஓட்டலாம் என்றால் ஓடாது. போட்டில் எச்டிஎம்ஐ வாய் இருந்தாலும் அது ஊமைதான். எச்610 போட்டில் பொதுவாக ராம் சிலொட் இரண்டுதான் இருக்கும், டிடிஆர்4 (ராமின் முந்திய தலைமுறை; புதியது டிடிஆர்5) வகையில் வேகம் 3200 க்கு மேல் போகாது. 12400எஃப் க்கு அது போதும். 600 வரிசைப் போட்டில் 13, 14ஆம் தலைமுறை போடுவதானால் மறுபடி பயோஸ் கேள்வி. முக்கியமாக, ஒரே பெயருள்ள எச்610, பி660, பி760 போட்டுகள் டிடிஆர்4 வகையிலும் டிடிஆர்5 வகையிலும் வருகின்றன. பெயரின் வால் பகுதியை வாசிக்காமல் ராம் வாங்க வேண்டாம்.

ஏஎம்5 (ஏஎம்டியின் புதிய சொக்கட்) வழி: ரைசன் 5 7500எஃப் அல்லது 7600, ஏ620 அல்லது பி650 போட். டிடிஆர்5 மட்டும்தான் ஏறும். நாளைக்கு ப்ரொசெசரை மட்டும் மாற்றி உயர்த்தலாம் என்பது இதன் பலம். ஆனால் 2025 இன் பிற்பகுதியில் இருந்து ராம் விலை உலகெங்கும் ஏறியதால், கையில் டிடிஆர்4 ராம் ஏற்கெனவே இருப்பவருக்கு ஏஎம்4 இன்னும் புத்தியான வழி. ஏஎம்5 எடுத்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: முதல் தடவை போடும்போது போட் ராமைப் பழக்கப்படுத்தும். சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து ஓஃப் செய்தால் மறுபடி முதலில் இருந்து.

எந்த வழியானாலும் கடைசிச் சோதனை ஒன்றே. போட் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தப் போட்டின் ப்ரொசெசர் பட்டியலைத் திறந்து, உங்கள் ப்ரொசெசருக்கு நேரே எந்தப் பயோஸ் பதிப்பில் இருந்து என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். பிசிபார்ட்பிக்கர் போன்ற தளங்கள் சொக்கட், அளவு, வாட் எல்லாம் ஒப்பிட்டுச் சொல்லும். கடைக்காரரின் அலுமாரியில் தூங்கும் போட்டில் எந்தப் பயோஸ் இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

பாவித்த ஒபிஸ் கொம்பியூட்டரில் விஜிஏ செருகும் திட்டம் மலிவானது, ஆனால் இடுக்கு நிறைந்தது. டெல், எச்பி போன்றவற்றின் பவர் சப்ளையும் போட்டும் பல மொடல்களில் தனி வகை. வெளியே விற்கும் பவர் சப்ளை பொருந்தாது. மெலிந்த கேசிங் உள்ளவற்றுக்கு அரை உயரக் கார்ட் வேண்டும். இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்கினால் விண்டோஸ் 11 இன் ஆதரவுப் பட்டியலில் இடமில்லை; விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இல் வலோரன்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், தொடக்கத்தைக் காவல் செய்யும் செக்யூர் பூட்டும் வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 4: ராம்

16 ஜிபி, இரண்டு 8 ஜிபித் துண்டுகளாக. ஒரே 16 ஜிபித் துண்டு வாங்கிப் பிறகு இன்னொன்று போடலாம் என்று பலர் சொல்வார்கள். அந்தப் பிறகு வரும்வரை ப்ரொசெசர் ஒற்றைப் பாதையில் ஓடும், விளையாட்டு திடீர் திடீரென்று தடக்கும். ரைசனிலும் உள்கிராபிக்ஸிலும் இது கூடத் தெரியும்.

டிடிஆர்4 க்கும் டிடிஆர்5 க்கும் முள் எண்ணிக்கை 288 தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. அழுத்தினால் ஏறும் என்று நினைத்துச் சிலொட்டை உடைத்தவர்கள் உண்டு. லப்டொப் ராம் நீளத்தில் பாதி, அது தனி. இணையத்தில் ஆச்சரியமான விலைக்கு வரும் இசிசி ரெஜிஸ்டர்ட் ராம் சேவருக்கானது. வீட்டுப் போட்டில் கொம்பியூட்டரே எழும்பாது.

நான்கு சிலொட் உள்ள போட்டில் ப்ரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். 3200 என்று எழுதிய ராம் போட்டவுடன் பெரும்பாலும் 2133 இலோ 2400 இலோ 2666 இலோதான் ஓடும். பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி, டிஓசிபி, ஏஎம்5 என்றால் எக்ஸ்போ, எது இருக்கிறதோ அதை இயக்க வேண்டும். வருடக்கணக்காக இதைச் செய்யாமலே விளையாடிக்கொண்டிருக்கும் ஆட்கள் நிறைய.

படி 5: எஸ்எஸ்டி

1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) நல்லது, 500 ஜிபி குறைந்தபட்சம். 100 ஜிபி தாண்டும் விளையாட்டுகள் இப்போது சாதாரணம். ரவுட்டர் டேட்டாவில் திரும்பத் திரும்ப இறக்குபவருக்கு இடமே காசு. எம்.2 (போட்டில் நேரே செருகும் மெல்லிய அட்டை) வடிவத்தில் சாட்டா (பழைய, வேகம் குறைந்த) வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. போட் எதை ஏற்கும் என்று கையேட்டில் இருக்கும். சில போட்டுகளில் இரண்டாவது எம்.2 ஐப் பாவித்தால் இரண்டு சாட்டா வாய்கள் நின்றுவிடும். பழைய ஹாட் டிஸ்க் திடீரென்று காணாமல் போவது இதனால்தான். எம்.2 ஐப் பிடிக்கும் சின்னத் திருகாணி போட் பெட்டிக்குள் தனிப் பையில் இருக்கும். பையை எறிந்துவிட்டுத் தேடாதீர்கள்.

படி 6: பவர் சப்ளை, யூபிஎஸ், வீட்டுக் கரண்ட்

யாழ்ப்பாணத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. மற்றப் பாகங்களில் பிழை விட்டால் வேகம் குறையும். இதில் பிழை விட்டால் மற்றப் பாகங்கள் போகும்.

கணக்கு சுலபம். ரைசன் 5600 நிறைவேலையில் 76 வாட் வரை, ஆர்எக்ஸ் 6600 132 வாட், போட், ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50 முதல் 60. மொத்தம் சுமார் 270. 12400எஃப் என்றால் ப்ரொசெசருக்கு 117 வரை போடுங்கள். விஜிஏ கணப்பொழுதுக்கு இதைவிடக் கூட இழுக்கும் என்பதால் நேர்மையான 500 அல்லது 550 வாட் போதும். நேர்மையான என்பதுதான் இங்கே சொல்.

கேசிங்கோடு சும்மா வரும் 500 வாட் பவர் சப்ளையின் பக்கத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12 ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட், அவ்வளவுதான். ப்ரொசெசரும் விஜிஏயும் 12 வோல்டில்தான் ஓடுகின்றன. 550 வாட் என்று எழுதிய நல்ல ஒன்றில் 12 வோல்ட் மட்டுமே 500 வாட்டுக்கு மேல் தரும். 80 பிளஸ் பிரோன்ஸ் (கரண்டை வீணாக்காத திறனுக்கான) முத்திரை, அக்டிவ் பிஎஃப்சி (கரண்டை ஒழுங்காக இழுக்க வைக்கும் சுற்று), ஐந்து வருட வொறண்டி மூன்றும் இருந்தால் பெரும்பாலும் நம்பலாம்.

பின்பக்கம் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய வகை. அக்டிவ் பிஎஃப்சி உள்ளவற்றுக்கு அந்தச் சுவிட்ச் இராது, பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். பின்னேரத்தில் வோல்டேஜ் இறங்கும் கிராமப் பக்கங்களுக்கு இது பெரிய உதவி. கனடாவில் இருந்து உறவினர் கொண்டுவரும் பவர் சப்ளையிலும் இதையே பாருங்கள். 115 வோல்ட் மட்டும் என்று அச்சடித்ததை இங்கே 230 இல் செருகினால் ஒரு சத்தம் கேட்கும், சோலி முடிந்தது.

கேபிளில் மூன்று எச்சரிக்கை. ப்ரொசெசருக்கான 8 முள் 4+4 ஆகப் பிரியும், விஜிஏக்கான 8 முள் 6+2 ஆகப் பிரியும். ஒன்றின் இடத்தில் மற்றதைத் திணிக்காதீர்கள். சாட்டா வாயில் இருந்து 8 முள்ளுக்கு மாற்றும் அடப்டர் வேண்டவே வேண்டாம். சாட்டா வாய் 54 வாட்டுக்கு ஆனது, 8 முள் 150 கேட்கும், பிளாஸ்டிக் உருகும். கழட்டக்கூடிய கேபிள் உள்ள பவர் சப்ளையை மாற்றினால் பழைய கேபிள்களையும் சேர்த்துக் கழட்டுங்கள். வாய் ஒன்றுபோல இருந்தாலும் முள் ஒழுங்கு வேறாக இருக்கலாம். எஸ்எஸ்டி எரிந்து போகும்.

யூபிஎஸ் இல்லாமல் இங்கே கேமிங் கொம்பியூட்டர் வைப்பது துணிச்சல். 650 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான். 270 வாட் கொம்பியூட்டரும் 30 வாட் மொனிட்டரும் அதில் நிற்கும், ஆனால் விளையாட்டை மூடி அணைக்கச் சில நிமிடம் மட்டும். 1000 விஏ எடுத்தால் மூச்சு விடலாம். மலிவான யூபிஎஸ்கள் சதுர அலையாகக் கரண்ட் தரும். சில அக்டிவ் பிஎஃப்சி பவர் சப்ளைகள் மாறும் கணத்தில் அதை ஏற்காமல் நின்றுவிடும். சோதிப்பது எளிது: ஒன்றையும் சேமிக்கத் தேவையில்லாத ஒரு விளையாட்டை ஓடவிட்டு யூபிஎஸ்ஸின் ப்ளக்கைச் சுவரில் இருந்து கழட்டுங்கள். கொம்பியூட்டர் தொடர்ந்து ஓடினால் சரி. மெனுவில் நிற்கும்போது செய்யும் சோதனை ஏமாற்றும், சுமை இருக்க வேண்டும்.

கேசிங்கைத் தொட்டால் சுரீர் என்கிறதா? பவர் சப்ளை பழுது என்று அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் வீட்டில் எர்த் இல்லை என்பதுதான் காரணம். பவர் சப்ளையின் வடிகட்டி மிகச் சிறிய கரண்டை எர்த்துக்கு அனுப்பும். எர்த் கம்பி இல்லாவிட்டால் அது கேசிங்கில் தங்கும். பழைய வீடுகளிலும், இரண்டு முள் அடப்டரில் செருகிய எக்ஸ்டென்ஷனிலும் இது வழக்கம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழங்கும் நாட்களில் கரண்ட் ப்ளக்கை மட்டும் கழட்டினால் போதாது. ரவுட்டரில் இருந்து வரும் இன்டர்நெட் வயரையும் கழட்டுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும்.

படி 7: கேசிங், கூலர், காற்று

பெரிய கேசிங்கில் சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் போட் போகும், மறுவளம் போகாது. கேசிங் விபரத்தில் மூன்று எண் தேடுங்கள்: விஜிஏ நீளம், கூலர் உயரம், பவர் சப்ளை நீளம். இரண்டு ஃபேன் 6600 கார்டுகள் பொதுவாக 200 முதல் 240 மி.மீ.; மூன்று ஃபேன் கார்ட் 280 ஐத் தாண்டும். முன்பக்கம் ஃபேன் ஒன்று பூட்டினால் 25 மி.மீ. கழிந்துவிடும் என்பதையும் சேருங்கள். கோபுர வடிவக் கூலர் பலதும் 150 முதல் 160 மி.மீ. உயரம், ஒடுங்கிய கேசிங்கில் கண்ணாடி மூடாது.

முன்பக்கம் முழுக் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். பகலில் 32, 33 பாகை அறைக்குள் ஏசி இல்லாமல் ஓடும் கொம்பியூட்டருக்கு முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்கவும், பின்னால் ஒன்று தள்ளவும் வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி உள்ளே படியும். தூசி வலையை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். குருநகர், பருத்தித்துறை போலக் கடலோரம் இருப்பவர்கள் யன்னலை ஒட்டி வைக்க வேண்டாம். உப்புக்காற்றில் முள்ளில் கறை பிடித்தால், கறல் என்று சொல்லி வொறண்டியை மறுக்க இடமுண்டு.

5600, 12400எஃப் இரண்டுக்கும் பெட்டியோடு வரும் கூலர் போதும். ஆனால் "ட்ரே" என்று பெட்டியில்லாமல் விற்பதில் கூலர் இராது, விலையை ஒப்பிடும்போது அதைச் சேருங்கள். ரைசனின் கூலரைப் பூட்டப் போட்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழட்ட வேண்டும், பின்னால் உள்ள இரும்புத் தகட்டைக் கழட்டக் கூடாது. எல்ஜிஏ1200 க்கு வாங்கிய பழைய கூலர் 1700 இல் உட்காராது. துளை இடைவெளி 75 இல் இருந்து 78 மி.மீ. ஆகிவிட்டது. ஏஎம்4 இல் பாவித்த கூலரைக் கழட்டும்போது நேரே இழுத்தால் ப்ரொசெசரும் ஒட்டிக்கொண்டு வந்து முள் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, இடமும் வலமும் மெல்லத் திருப்பிய பிறகு தூக்குங்கள்.

நிற விளக்குப் பிரியர்களுக்கு ஒன்று: 3 முள் 5 வோல்ட், 4 முள் 12 வோல்ட். மாற்றிச் செருகினால் விளக்குகள் ஒரே தடவை மட்டும் எரியும்.

வாங்கும் நாள்

நாம் பரிந்துரைக்கும் கூட்டு: ரைசன் 5 5600, பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் போட், 8 ஜிபி இரண்டு டிடிஆர்4 3200, ஆர்எக்ஸ் 6600, 1 டிபி என்விஎம்இ, 550 வாட் பிரோன்ஸ், வலைமுகக் கேசிங், 1000 விஏ யூபிஎஸ். காசு போதாவிட்டால் முதலில் எஸ்எஸ்டியை 500 ஆக்குங்கள், பிறகு போட்டைப் பயோஸ் ஏற்றிய பி450 ஆக்குங்கள். பவர் சப்ளையில் கை வைக்காதீர்கள்.

போட், விஜிஏ, பவர் சப்ளை மூன்றையும் யாழ்ப்பாணத்திலேயே, ஒரே கடையில் வாங்குவது நல்லது, கொழும்பைவிடக் கொஞ்சம் விலை கூடினாலும். பழுது வந்தால் போட்டைச் சொல்லி விஜிஏ கடைக்காரரும், விஜிஏயைச் சொல்லிப் போட் கடைக்காரரும் கைகழுவுவதற்கு இடம் இராது. ப்ரொசெசர், ராம், எஸ்எஸ்டி எங்கிருந்தும் வரலாம். வெளிநாட்டில் இருந்து வருபவரின் பெட்டிக்குள்ளும் அடங்கும். வொறண்டி மட்டும் பெரும்பாலும் அந்த நாட்டோடு நின்றுவிடும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கமும் இருக்க வேண்டும். ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று சின்ன எழுத்தில் அச்சடிக்கும் கடைகளும் உண்டு. எரிந்த அடையாளம், உடைவு, கறல் இருந்தால் வொறண்டி இல்லை என்பதும் அங்கேயே இருக்கும். கொழும்பில் பூட்டுவித்து பஸ்ஸில் ஏற்றுவதானால் விஜிஏயைக் கழட்டித் தனியாகப் பொதி செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழிக் குலுக்கலில் சிலொட் பிளந்துவிடும்.

முதல் தடவை போடுதல்

கேசிங்குக்குள் பூட்டுவதற்கு முன், போட் வந்த அட்டைப் பெட்டியின் மேல் போட்டை வைத்து, ப்ரொசெசர், கூலர், ராம், விஜிஏ, பவர் மட்டும் இணைத்துப் போட்டுப் பாருங்கள். படம் வராவிட்டால் இந்த ஒழுங்கில் தேடுங்கள்: மொனிட்டர் கேபிள் போட்டில் இல்லாமல் விஜிஏயில் செருகியிருக்கிறதா, ப்ரொசெசர் பவர் கேபிள் மறந்துபோனதா, ராம் இரண்டு பக்கமும் கிளிக் என்று பூட்டுப்பட்டதா, ஒரு ராமோடு மட்டும் எழும்புகிறதா, கடைசியாகப் பயோஸ். போட்டில் சின்ன எல்இடி நான்கு இருந்தால் எது எரிந்துகொண்டே நிற்கிறதோ அதுதான் சந்தேகநபர். வெளியே ஓடியது கேசிங்குக்குள் ஓடாவிட்டால், போட்டின் கீழே இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி முட்டுகிறது.

விண்டோஸை யூஇஎஃப்ஐ (புதிய பயோஸ்) முறையில், ஜிபிடி (அதற்கேற்ற பிரிப்பு) டிஸ்க்கில் போடுங்கள். பழைய முறையில் போட்டால் செக்யூர் பூட் இயங்காது, பிறகு சில விளையாட்டுகளுக்காக எல்லாவற்றையும் அழிக்க நேரலாம். 144 ஹெர்ட்ஸ் மொனிட்டரைச் செருகியவுடன் அது 60 இல்தான் நிற்கக்கூடும், டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய் மாற்றுங்கள்.

முதல் கிழமை கொம்பியூட்டரை நன்றாக வேலை வாங்குங்கள். ஓர் இரவு மெம்டெஸ்ட்டில் ராமைச் சோதியுங்கள், ஒரு பகல் வெக்கையில் மூன்று மணித்தியாலம் விளையாடுங்கள். வெப்பம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ப்ரொசெசர் 90 பாகையைத் தொட்டால் கூலர் சரியாக அமராமல் இருக்கலாம். விளையாட்டு நடுவில் நீலத் திரையில்லாமல் திடீரென்று அணைந்து திரும்ப எழும்பினால் முதல் சந்தேகம் பவர் சப்ளை மீது. பல கடைகள் முதல் ஏழு நாளுக்குள் வரும் பழுதுக்குப் புதுச் சாமானையே மாற்றித் தரும். அதற்குப் பிறகு அது கொழும்பு முகவருக்குப் போய்த் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். பெட்டிகளையும் உள்ளே இருந்த பஞ்சு அட்டைகளையும் அதுவரை கட்டிலுக்குக் கீழே வைத்திருங்கள்.